இஞ்சீல் எந்த மொழிச் சொல்?

நற்பிட்டிமுனை

அன்பின் மருமகனுக்கு,

குர்ஆன் இஞ்சீல் என்று ஒருமையில் சொல்கிறது, கல்முனைக் கிறிஸ்தவர்களின் வேதாகமத்திலோ நான்கு சுவிசேஷங்கள் இருக்கின்றனவே என்று கேட்டிருந்தாய். விடை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே தொடங்குகிறது. இஞ்சீலுக்கு மூலம் 'எவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல். எத்தியோப்பியரின் 'வங்கேல்' வழியாக அது அரபுக்கு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஹோமரின் காவியத்தில் அது நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கும் வெகுமதி. பிறகு செய்தியையே குறித்தது. கி.மு. 9ஆம் ஆண்டின் பிரியேனே கல்வெட்டு அகஸ்டஸ் பேரரசரின் பிறந்தநாளைப் புகழும்போது 'எவாங்கெலியா' என்று பன்மையில் எழுதுகிறது. புதிய ஏற்பாட்டிலோ எங்கும் ஒருமைதான். மாற்கு 1:15இல் ஈஸா நபி (அலை) அந்தச் செய்தியை நம்பும்படி மக்களை அழைக்கிறார். அப்போது அந்த நான்கில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. அந்நூல்களுக்கு முந்திய பவுலின் கடிதங்களிலும் அது வாயால் அறிவித்த செய்தியே. லூக்கா தம் சுவிசேஷத்தில் பெயர்ச்சொல்லை விட்டு 'எவாங்கெலிஸோமாய்' (நற்செய்தி அறிவித்தல்) என்ற வினையை மட்டும் ஆள்கிறார். யோவான் சுவிசேஷத்தில் இரண்டுமே இல்லை. நூல்களைச் சுட்டும் பன்மை 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினின் எழுத்தில் வருகிறது. பழைய தலைப்புகள் 'மத்தேயுவின்படி', 'மாற்கின்படி' என்றே நின்றன: செய்தி ஒன்று, எழுதியவர் நால்வர். ஆகவே ஒருமை கிறிஸ்தவர்களுக்கும் பழையதே. அந்த நான்கும் ஈஸா நபிக்கு அருளப்பட்ட இஞ்சீல்தானா என்பது வேறு விவாதம். சொல்லாராய்ச்சி அதைத் தீர்க்காது.

தெளிவான அரபியில் இறங்கிய குர்ஆனில் கிரேக்கச் சொல்லா என்று நீ திகைக்கலாம். இமாம் ஷாஃபிஈயே 'ரிஸாலா'வில் குர்ஆன் முழுதும் அரபிதான் என்று வாதிட்டார்கள். 'நஜ்ல்' என்ற அரபு வேரிலிருந்து இஞ்சீலைப் பெற முயன்றவர்களும் உண்டு. குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரீ அதை வலிந்த பொருத்தம் என்று தள்ளினார். ஹஸன் பஸரீ 'அன்ஜீல்' என்று ஓதியதைச் சுட்டி, அப்படியொரு சொல்வடிவம் அரபியில் கிடையாது என்று காட்டினார். மொழியறிஞர் அபூ உபைதின் முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது: இத்தகைய சொற்கள் பிறப்பால் அந்நியம், ஆனால் வஹீ இறங்குமுன்பே அரபிகள் தம் நாவுக்கேற்பத் திருத்தித் தம்முடையதாக்கிக்கொண்டவை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'கதிரை'யை நம் வீடுகளில் யார் அந்நியச் சொல்லென்று எண்ணுகிறார்கள்?

சொல் வெளியிலிருந்து வந்தாலும் பொருள் அரபிக்குப் புதிதல்ல. தவ்ராத்தையும் நபிமார் ஏடுகளையும் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'பிஸ்ஸர்' என்ற எபிரேய வினைக்கு 'எவாங்கெலிஸோமாய்' என்ற அதே கிரேக்க வினையையே வைத்தார்கள். அந்த எபிரேய வினையின் அரபு உடன்பிறப்புதான் 'பஷ்ஷர'. நம்மூரில் வழங்கும் பஷீர் என்ற பெயருக்கும் அதே வேர். ஸூரா ஸஃப்பின் 6ஆம் வசனத்தை எடுத்து ஓதிப் பார்: தமக்குப் பின் வரும் தூதரைப் பற்றிச் சொல்லும் ஈஸா நபி தம்மை 'முபஷ்ஷிர்' (நற்செய்தி கூறுபவர்) என்கிறார்கள்.

வஸ்ஸலாம்,
மாமா