ஓசையும் செவியும்

தாம்பரத்திற்குத் தெற்கே, பெருஞ்சாலையை ஒட்டி அமைந்தது பீர்க்கன்கரணை. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த இவ்வூர் வரை விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களின் ஓசை எட்டுவதுண்டு. விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954ஆம் ஆண்டு முதல் அத்தளத்தில் நடைபெற்று வருகிறது. ஊரார்க்குச் சிறிது நேரம் கேட்டு மறையும் அவ்வோசை, இயங்கும் பொறியின் அருகே நின்று தொழில் புரிவோர்க்கு நாள்தோறும் உடனிருப்பது.

போரில் பட்ட புண் யாவர் கண்ணுக்கும் புலனாகும். ஓசையால் விளையும் கேடோ அத்தன்மைத்தன்று. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்றுண்டு. அதனுள் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் பேரோசையால் மடிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூரிய ஒலியே முதலில் மங்கும். பேச்சு நன்றாகவே கேட்கும். ஆதலால் தொழிலாளி தம் குறையை அறியார். அறிந்தாலும், வேலை மாறிவிடுமோ என்றஞ்சி மறைப்பாரும் உளர்.

இந்நாட்டுத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஜெட் பொறியின் அருகில் 120 டெசிபலுக்கு மேலும் ஓசை எழும். எண்ணில் வேறுபாடு முப்பதுதான். ஒலியின் ஆற்றலிலோ ஆயிரம் மடங்கு!

இத்தகைய இடங்களில் செவிக்காப்புத் திட்டம் பயன் தருகின்றதா என்று அறிவது எங்ஙனம்? எத்தனை செவியடைப்பான்கள் வழங்கப்பட்டன என்னும் கணக்குப் போதாது. சட்டைப்பையில் உறங்கும் அடைப்பான் எவர் செவியையும் காவாது. காதை மூடினால் தோழனின் எச்சரிக்கை கேளாதே என்று சிலர் அதனை அணியார், அவ்வச்சம் பொய்யுமன்று. அதற்காகவே கைச்சைகைகளும், ஒலிவாங்கி பொருத்திய செவிக்கவசமும் ஏற்பட்டன.

பணியிற் சேரும்போதே ஒருவரின் கேள்திறனை அளந்து குறித்து, ஆண்டுதோறும் மீண்டும் அளந்து ஒப்பிடுவதே சரியான முறை. சோதனைக்கு முன் பல மணி நேரம் செவிக்கு ஓய்வு வேண்டும். இன்றேல் தற்காலிக மந்தமும் நிலைத்த கேடாகத் தோன்றும். முதுமையாலும் செவி மந்தமாகும் ஆதலின், அமைதியான அலுவலகத்தில் பணிபுரியும் ஒத்த வயதினரையும் உடன் சோதித்தல் நன்று.

பலரும் காணத் தவறும் நுட்பம் மற்றொன்று உண்டு. செவி கெட்டோர் வேறு பணிக்குச் சென்றபின் எஞ்சியோரை மட்டும் சோதித்தால், பயனற்ற திட்டமும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். ஆகவே, சோதனை செய்வோர் பழைய பதிவேட்டைப் புரட்டி, விலகிச் சென்றவர்களையும் தேடி அழைத்து அவர்தம் செவியையும் அளத்தல் வேண்டும்.