அலுமினியத் தகட்டில் ஓர் அம்பாசிடர்

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் ராஜபாளையம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது, எதிரே நிற்கும் பழைய பஸ்ஸின் பக்கவாட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சிறு குமிழ்கள் தெரியும். அவை ரிவெட் ஆணிகளின் தலைகள். உள்ளே இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் தகட்டை வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். நம் மாநிலத்தில் இந்த வேலைக்குப் பெயர் பெற்ற ஊர் கரூர். பஸ்ஸின் உடலில் பெரும்பகுதி தட்டையானது. சில இடங்களில் ஒரு பக்கமாக மட்டும் வளைந்திருக்கும்.

இப்போது ஓர் அம்பாசிடர் காரை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலையில் 2014 வரை இது செய்யப்பட்டது. இன்றும் எங்காவது ஒன்று கண்ணில் படும். அதன் பானெட்டும் கூரையும் டிக்கியும் எல்லாப் பக்கமும் உருண்டவை. கையால் தடவிப் பார்த்தால் தட்டையான இடம் அகப்படுவது கடினம்.

ரேடியோவால் இயங்கும் பொம்மைக் கார் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிளாஸ்டிக் உடலைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தகட்டால் நாமே ஓர் உடல் செய்ய முடியுமா? முடியும். பஸ் உடல் செய்வது சுலபம், அம்பாசிடர் உடல் கடினம். ஏன் என்பதில்தான் சுவையான விஞ்ஞானம் இருக்கிறது.

ஒரு தாளையும் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளை ஒரு டம்ளரின்மேல் சுற்றுங்கள். ஒட்டி உட்கார்ந்துவிடும். அதே தாளை ஆரஞ்சின்மேல் சுற்றுங்கள். எப்படிச் செய்தாலும் சுருக்கம் விழும். சுருக்கமே கூடாது என்று இழுத்தால் கிழியும். 'தட்டையான பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் கோளப் பரப்பாக மாற்றவே முடியாது' என்பதை ஜெர்மன் கணித மேதை காஸ் 1827-ல் நிறுவிக் காட்டினார். உலக உருண்டையைத் தட்டையான படமாக வரையும்போது கிரீன்லாந்து அளவுக்கு மீறிப் பெருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

தாள் நீளாது. ஆனால் உலோகம் நீளும். தட்டார்களும் கன்னார்களும் காலங்காலமாகப் பிழைத்துவருவது இந்த ஒரு குணத்தை நம்பித்தான். செப்புக் குடம் எப்படி உருண்டது? ஒவ்வொரு அடியிலும் தகடு துளித்துளியாக நீண்டுதான்.

ஆனால் நீளுவதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு, கனம் 1 மி.மீ. அதன் விளிம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, நடுவை 2.5 செ.மீ. ஆழத்துக்குக் கிண்ணம்போல அடித்து இறக்குகிறோம். முதலில் இருந்த பரப்பு π × 5 × 5, அதாவது 25π சதுர செ.மீ. கிண்ணத்தின் பரப்பு π × (5 × 5 + 2.5 × 2.5), அதாவது 31.25π. பரப்பு கால் பங்கு கூடிவிட்டது! உலோகம் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. கன அளவு அதேதான். ஆகவே கனம் சராசரியாக 0.8 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். ஆழத்தை 5 செ.மீ. ஆக்கினால் அரைக்கோளம் கிடைக்கும். அப்போது பரப்பு இரு மடங்கு, கனம் பாதி. அதுவும் சராசரிதான். நடுப்பகுதி இன்னும் மெலிந்திருக்கும். முதலில் கிழிவது அந்த இடம்தான்.

இதைத் தவிர்க்க வேறொரு வழி உண்டு. நடுவை நீட்டுவதற்குப் பதிலாக விளிம்பைச் சுருக்கலாம். தகட்டின் ஓரத்தில் புடைவைக் கொசுவம்போல மடிப்புகள் எடுத்து, அந்த மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடாமல் மெல்ல மெல்லத் தட்டி உள்ளேயே அமுக்க வேண்டும். ஓரம் குறுகும், கனம் கூடும், நடு தானாகவே குழியும். நல்ல கைவினைஞர் இரண்டு வழியையும் கலந்து செய்வார். நடுவில் சிறிது நீட்டல், ஓரத்தில் சிறிது சுருக்கல். எங்கே எது என்று தீர்மானிப்பதில்தான் அனுபவம் தெரியும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கெட்டித் துணிப்பையில் ஆற்று மணலை இறுக்கி நிரப்பிக்கொள்ளுங்கள். அல்லது ஒரு மரக்கட்டையில் கிண்ணம்போலக் குழி எடுத்துக்கொள்ளுங்கள். தலை உருட்டப்பட்ட ஒரு கொட்டாப்புளி, தகரம் வெட்டும் கத்தரி, அரம், வழவழப்பான ஒரு சிறு இரும்புக் குண்டு, இவ்வளவுதான். தகட்டை மணல் பையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துக் குழியுங்கள். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வாருங்கள். முதலில் தகடு வறுத்த அப்பளம்போல மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். பயப்பட வேண்டாம். பிறகு உள்ளே இரும்புக் குண்டைக் கொடுத்து, வெளியிலிருந்து லேசாகத் தட்டிச் சமன்படுத்த வேண்டும். பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுப்பவர் செய்வதும் இதுவே. அவர் ஓங்கி அடிப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

நான் முதன்முதலில் செய்த கூரை மூன்றாம் நாளில் பிளந்துவிட்டது. முதல் நாள் வெண்ணெய்போல வளைந்த தகடு, மூன்றாம் நாள் கொட்டாப்புளியைத் திருப்பி எறிந்தது. நான் இன்னும் பலமாக அடித்தேன். கூரையின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. தகட்டின்மேல் குற்றமில்லை.

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் ஆங்காங்கே சிறு பிசகுகள் இருக்கும். தகட்டை அடிக்கும்போது இந்தப் பிசகுகள்தான் நகர்கின்றன. ஒரு பெரிய ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம். ஆனால் ஒரு முனையில் சிறு சுருக்கம் உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தை மறு முனைவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமுக்காளம் எளிதாக நகர்ந்துவிடும். அதுபோலத்தான். டெய்லர், ஓரோவான், பொலானி என்ற மூவர், ஒருவரைச் சாராமல் ஒருவர், 1934-ஆம் ஆண்டில் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். அடிக்க அடிக்கப் புதிய பிசகுகள் பெருகுகின்றன. ஒன்றையொன்று வழிமறிக்கின்றன. நெரிசலில் எதுவும் நகர முடியாதபோது உலோகம் இறுகிவிடுகிறது. அதற்கு மேல் அடித்தால் கிழிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

மருந்து, சூடு. சூடாக்கினால் அணுக்கள் மீண்டும் ஒழுங்காக அமைந்து, உலோகம் பழையபடி இளகிவிடும். ஆனால் அலுமினியத்தில் ஓர் ஆபத்து உண்டு. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் எச்சரிக்காது. 660 டிகிரி செல்சியஸில் உருகும்வரை வெள்ளையாகவே இருந்து, திடீரென்று ஒழுகிவிடும். நமக்கு வேண்டியதோ 350 முதல் 400 டிகிரி மட்டுமே. பட்டறைக்காரர்களின் உபாயம் எளியது. தகட்டின்மேல் சோப்புக் கட்டியால் கோடுகள் போடுங்கள். மறுபுறம் தீயைக் காட்டுங்கள். சோப்புக் கோடு கரும்பழுப்பாக மாறியவுடன் தீயை எடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் சோப்பு ஒரு வெப்பமானி ஆகிவிட்டது! இந்த ஒரு வேலையை மட்டும் தனியே செய்யாதீர்கள். ஆசிரியரோ பட்டறை தெரிந்த பெரியவரோ அருகில் இருக்கட்டும். ஒரு கூரை முடிவதற்குள் மூன்று நான்கு முறையாவது இப்படி இளக்க வேண்டியிருக்கும்.

இந்த நாட்டில் அலுமினியத்தை அடித்துப் பாத்திரமாக்கும் தொழில் சென்னையில் வேரூன்றியது. 1886-ல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டு அதன் விலை சரிந்தது. 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அது நன்கு வளர்ந்ததும் 1903-ல் ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே 1903-ல், அதே சென்னையில், குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் கம்பெனி நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டியது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் தகடு அடிப்பவர்களும் வண்டி கட்டுபவர்களும் ஒரே நகரத்தில் இருந்தார்கள் என்பது நம் வேலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனித் தகட்டின் கனத்தைப் பற்றிப் பார்ப்போம். அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் 43 செ.மீ. நீளம் பத்தில் ஒன்று என்றால் கன அளவு ஆயிரத்தில் ஒன்று. எனவே ஏறக்குறைய 1100 கிலோ எடையுள்ள காருக்கு மாதிரி 1.1 கிலோ இருந்தால் பொருத்தம். மாதிரி உடலின் பரப்பு சுமார் 1500 சதுர செ.மீ. வரும். 0.8 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தால் உடல் மட்டுமே 940 கிராம் ஆகிவிடும்! மோட்டாருக்கும் பாட்டரிக்கும் இடமேது? அதே கனத்தில் அலுமினியம் என்றால் 324 கிராம். இன்னும் குறைக்கலாம்.

அதற்கு உதவி பக்கத்திலேயே சிவகாசியில் இருக்கிறது. ஆஃப்செட் அச்சகங்களில் பயன்படுத்திக் கழிக்கும் தகடுகள் ஏறத்தாழ தூய அலுமினியம், பெரும்பாலும் 0.3 மி.மீ. கனம். பழைய தகடாக மலிவாகக் கிடைக்கும். மை ஒட்டியிருக்கும், நன்கு கழுவிக்கொள்ளுங்கள். இவை உருட்டி இறுக்கப்பட்டவை, மெல்லியவை. ஆகவே குழித்து அடிக்க ஏற்றவை அல்ல. ஆனால் கதவு, பக்கவாட்டு, அடிப்பட்டை ஆகியவற்றுக்கு மிக நல்லவை. உருண்ட பாகங்களுக்கு மட்டும் 0.8 மி.மீ. தகடு வாங்குங்கள். கூரை அடிபட்டு மெலிவது ஒரு வகையில் நமக்கு லாபம். மேலே எடை குறைந்தால் காரின் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், திருப்பத்தில் கவிழாது.

பாகங்களை ரிவெட் அடித்துச் சேர்த்து, ஓரங்களை அரத்தால் மழுக்கியாயிற்று. பாட்டரியின் முனைகள் உடலில் படாதபடி உட்புறம் இன்சுலேஷன் டேப் ஒட்டியாயிற்று. கார் பளபளக்கிறது. மைதானத்தில் விடுகிறோம். பத்தடி தூரம் ஓடி, சொல் கேளாமல் போய்ச் சுவரில் முட்டுகிறது!

என்ன ஆயிற்று? ஒரு சிறு டிரான்சிஸ்டரில் எஃப்.எம். நிலையம் ஒன்றைப் பாடவிட்டு, முதலில் அதை அட்டைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். பாட்டு கேட்கும். பிறகு அலுமினியப் பாத்திரத்தில் வைத்து இறுக மூடுங்கள். இரைச்சலாகும், அல்லது அடங்கிவிடும். கடத்தியால் சூழப்பட்ட இடத்துக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பதை 1836-ல் ஃபாரடே காட்டினார். தகடு மெல்லியது என்பதால் தப்ப முடியாது. பொம்மைக் கார்களில் வெகுகாலமாகப் பயன்படும் 27 மெகாஹெர்ட்ஸ் அலை, அலுமினியத்துக்குள் 0.016 மி.மீ. போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நம் தகடோ அதைப்போல இருபது மடங்கு கனம்.

கார் முற்றிலும் செவிடாகிவிடவில்லை; அடிப்புறமும் ஜன்னல்களும் திறந்திருக்கின்றனவே. ஆனால் 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். பன்னிரண்டு செ.மீ. ஜன்னல் அதற்கு ஊசிக் காது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. மட்டுமே. அது ஜன்னல் வழியே ஓரளவு நுழைந்துவிடும்.

பரிகாரம் ஒன்றுதான்: ஏரியல் உடலுக்கு வெளியே வர வேண்டும். கூரையில் துளையிட்டு, பால்பாயிண்ட் ரீஃபில் போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஏரியல் கம்பியை அதன் வழியாக மேலே எடுங்கள். கம்பி தகட்டில் எங்கும் படக்கூடாது. கம்பியை வெட்டிக் குட்டையாக்கவும் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் காரானால் கம்பியின் கடைசி 3 செ.மீ. வெளியே தெரிந்தால் போதும்.

பிறகு ஒரு நண்பரைக் காரின் அருகே நிறுத்திவிட்டு, நீங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் பின்னால் நடந்துகொண்டே போங்கள். கார் கேட்காமல் போகும் இடத்தில் நின்று அடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உடலைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு முறை. ஏரியலை உள்ளே சுருட்டி வைத்து இன்னொரு முறை. மூன்று எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள்.