நெல்லின் இலைக்கருகலும் ஒளிரும் புரதங்களும்

உக்கடம் பெரியகுளம் போன்ற ஏரிகளின் கீழ் நெல் பயிரிட்டோர்க்கு, இராக்காலத்தில் மடை திறந்து நீரைக் களவாடுதல் புதிய செய்தியன்று. அத்தகைய களவொன்று நெல்லின் இலைக்குள்ளும் நிகழ்கின்றது.

பாக்டீரியா இலைக்கருகல் நோயில் இலையின் நுனியும் ஓரங்களும் நெளிநெளியாக மஞ்சளித்து, பின்னர் வைக்கோல் நிறமாய்க் காயும். ஐயமிருப்பின், நோயுற்ற இலையை வெட்டி, வெட்டுவாய் தெளிந்த நீருள் அமிழுமாறு கண்ணாடிக் குவளையில் நிறுத்துக. சிறிது நேரத்தில் பால்போன்ற கசிவு நூலாக இறங்குமாயின் இந்நோயே என்று துணியலாம்.

இக்கிருமிக்கு உணவு இலையிலுள்ள சர்க்கரை. அதுவோ உயிரணுக்களுக்குள் அடங்கியிருப்பது. கிருமியோ வெளியே நிற்பது. இலையை நசுக்கிச் சோதித்தால் சர்க்கரையின் அளவு தெரியுமேயன்றி, அது வெளியேறும் வழி தெரியாது. ஆதலின் உயிருள்ள அணுவிற்குள்ளேயே காவலொன்று வைக்க வேண்டியதாயிற்று.

1962-இல் ஒசாமு ஷிமோமுரா என்பார் ஒருவகை ஜெல்லி மீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தவர் அதனைத் திருத்தி, நீலமாகவும் மஞ்சளாகவும் ஒளிரும் இரு புரதங்களாக்கி, அவற்றின் நடுவே சர்க்கரையைப் பற்றும் வேறொரு புரதத்தை இணைத்தனர். சர்க்கரை வந்து பற்றியதும் நடுப்புரதம் உருமாறும். உடனே இரு ஒளிகளின் விகிதமும் மாறும். அணுவைக் கொல்லாமலே அம்மாற்றத்தை நுண்நோக்கியால் அளக்கலாம்.

இம்முறையைக் கையாண்டு, 2010-இல் அமெரிக்காவிலுள்ள கார்னகி நிலையத்தில் உல்ஃப் ஃப்ரோமர் குழுவினர், சர்க்கரையை வெளிவிடும் மடைப்புரதங்களைக் கண்டு ‘ஸ்வீட்’ எனப் பெயரிட்டனர். கருகற்கிருமி தன் புரதமொன்றை நெல்லணுவிற்குள் செலுத்தி, இம்மடைகளை மிகுதியாக உண்டாக்கச் செய்து, கசியும் சர்க்கரையை உண்கின்றது.

விந்தை யாதெனில், இம்மடைகளுள் ஒன்றின் மரபணுவில் சிறு மாறுதலுடைய நெல்லினங்கள் முன்னரே அறியப்பட்டிருந்தன. ‘எக்ஸ்.ஏ.13’ என்னும் எதிர்ப்புக்கூறு அதுவே. கிருமியின் திறவுகோல் அதிற் பொருந்தாது. இதனையும் வேறிரு கூறுகளையும் ஆந்திரா பொன்னி என நம்மவர் வழங்கும் சம்பா மசூரியிற் சேர்த்து, ஐதராபாத் ஆராய்ச்சியாளர் 2008-இல் திருந்திய இனத்தை வெளியிட்டனர். மடையின் இயல்பு விளங்கியபின், 2019-இல் ஐ.ஆர்.64 முதலிய இனங்களில் மூன்று மடைகளின் திறவிடங்களையும் மாற்றிக் காட்டினர்.

எதிர்ப்பினம் கிடையாதவிடத்து, தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இடலாகாது. நடவில் நாற்றின் நுனியைக் கிள்ளுதல் தவறு. காயத்தின் வழியே கிருமி புகும். நோய்கண்ட வயலின் நீரை அடுத்தவர் வயலுக்குப் பாயவிடாதவாறு கிராம அதிகாரிகள் கவனித்தல் வேண்டும்.