சிற்றுருவப் புகைவண்டியும் கம்பியில்லாக் கட்டளையும்

சிற்றுருவ இருப்புப்பாதை அமைத்தல் மேனாட்டில் சிறுவர் விளையாட்டாக மட்டும் கருதப்படுவதன்று. அமெரிக்காவில் இக்கலையில் ஈடுபட்டோர் 1935-ஆம் ஆண்டிலேயே தேசிய அளவில் ஒரு சங்கம் நிறுவி, தண்டவாளம், சக்கரம் முதலியவற்றின் அளவுகளுக்கு விதிகள் வகுத்தனர். அவர்களுள் மிகுதியோர் கையாளும் எச்.ஓ. அளவில், மெய்வண்டியின் 87 அடி 1 அடியாகச் சுருங்கும். அவ்வண்டியின் வேகத்தைக் கம்பியின்றிக் கையிலுள்ள கருவியால் ஆளுவது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள்.

முன்னாளில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை ஆண்டனர். அதனால் ஒரே தண்டவாளத்தில் நிற்கும் எஞ்சின்கள் இரண்டும் ஒருங்கே புறப்படும். ஒன்றை ஓட்டி மற்றொன்றை நிறுத்தப் பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விசை வைக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க எழுந்ததே டீ.சி.சி. என்னும் எண்முறைக் கட்டளை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தார் வகுத்த முறையை அடியொற்றி, மேற்கூறிய சங்கத்தார் 1990-களின் முற்பகுதியில் இதனைப் பொதுவிதியாக்கினர். இம்முறையில் மின்னழுத்தத்தின் அளவு மாறாது. அதன் திசையே மிக விரைந்து மாறும். மாற்றத்தின் இடைவெளி ஏறத்தாழ 58 மைக்ரோ செகண்டாயின் அஃது '1'. 100 அல்லது அதற்கு மேலாயின் அஃது '0'. இவ்விரண்டின் வரிசையே, இன்ன எண்ணுடைய எஞ்சின் இன்ன வேகத்தில் செல்க என்னும் கட்டளையாகிறது. எஞ்சினுள் அமைந்த டீகோடர் தன் எண்ணுக்குரியதை மட்டும் ஏற்று, ஏனையவற்றைப் புறக்கணிக்கும்.

ஆகவே, வண்டிக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியேதான் செல்கிறது. நாம் நீக்கும் கம்பி, ஓட்டுபவர் கைக்கும் கட்டளை நிலையத்திற்கும் இடையிலுள்ளதே. அது நீங்கினால், ஓட்டுபவர் வண்டியுடன் கூடவே நடந்து, பெட்டிகளை அருகிலிருந்தே இணைக்கலாம்.

அமைக்கும் முறை வருமாறு:

முதலாவது, கம்பி வேலையைச் செம்மை செய்க. பாதையின் பலவிடங்களில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தால், மின்சாரம் உடனே துண்டிக்கப்படல் வேண்டும். இல்லையேல் கம்பி மெலிதென்றோ, இணைப்புத் தளர்ந்ததென்றோ அறிக.

இரண்டாவது, கட்டளை நிலையத்தைக் கணினியோடு இணைத்து, ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் இலவச மென்பொருளை நிறுவுக. டீகோடர்கள் வழக்கமாக 3 என்னும் எண்ணுடன் வருவதால், ஒவ்வோர் எஞ்சினுக்கும் வேறு எண் அளித்துப் பட்டியலில் பதிக.

மூன்றாவது, வைஃபை ரௌட்டர் ஒன்றை இதற்கெனத் தனியே வைத்துக் கணினியை அதனோடு இணைக்க. இணையத் தொடர்பு வேண்டுவதில்லை. பின்னர் அம்மென்பொருளிலுள்ள வை-திராட்டில் சர்வரைத் தொடங்குக.

நான்காவது, ஆண்டிராய்டு கைப்பேசியில் எஞ்சின் டிரைவர் என்னும் செயலியை ஏற்றி, அதே ரௌட்டரில் சேர்த்து, எஞ்சினைத் தேர்ந்து மெல்ல ஓட்டுக.

வண்டி ஓடக்கண்டதும் வேலை முடிந்ததென மகிழ்தல் இயல்பே. ஆயினும் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இனித்தான் உள்ளது. கட்டளை நிலையம் தான் இறுதியாகப் பெற்ற கட்டளையை ஓயாது கூறிக்கொண்டிருக்கும் இயல்புடையது. நடுவழியில் கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தால் நிலையம் அதனை அறியாது. வண்டியோ பழைய வேகத்திலேயே சென்று, முன்னிற்கும் வண்டியில் மோதும். அன்றி, மேசையினின்று தரையில் வீழும். பல மாத உழைப்பு நொடியில் பாழாகும்.

இதற்குப் பரிகாரமாக, கைப்பேசி இடையறாது தன் இருப்பைச் சர்வருக்கு அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. குறித்த காலத்துள் அறிவிப்பு வாராவிடின் சர்வர் எஞ்சினை நிறுத்திவிடும். அக்காலம் வழக்கமாக 10 செகண்டு. மெய்வண்டியின் 60 மைல் வேகத்திற்கு ஈடாக ஓடும் எச்.ஓ. வண்டி, செகண்டிற்கு ஏறக்குறைய 1 அடி செல்லும். எனவே, நிற்குமுன் 10 அடி ஓடிவிடும்! சிறிய மேசையில் அக்காலத்தைக் குறைத்தல் நன்று.

இதனைச் சோதித்தறிவதும் எளிது. வண்டியை மெல்ல ஓடவிட்டுக் கைப்பேசியை முற்றும் அணைத்து, நிற்கும்வரை எண்ணுக. நில்லாவிடின் அவ்வேற்பாட்டைச் சரிசெய்த பின்னரே பிற வண்டிகளை ஓட்டுக. தண்டவாள மின்சாரத்தை ஒருங்கே நிறுத்தும் விசையொன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஓட்டுபவர் சொல் கேளாதபோதும் தானே நிற்கும் வண்டியே நன்கு அமைக்கப்பட்ட வண்டியாம்.