பாதாள ரயிலும் பீங்கான் சித்திரமும்

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேண வேண்டும் என்பதற்காகப் பெரியோர் இதைச் சொல்வர். ஆனால் பூமிக்கு அடியில் ரயில் ஓடும் நகரங்களில் இப்பழமொழி உள்ளபடியே மெய்யாகியிருக்கிறது. சாலையைக் கடக்க இறங்கும் சுரங்கப்பாதையைத்தான் நாம் 'சப்வே' என்கிறோம். அமெரிக்காவில் அச்சொல் பாதாள ரயிலைக் குறிக்கும். அந்த ரயிலை நாடிச் சென்ற கலைஞர்களைப் பற்றியும், நம் ஊர்த் தொழிலுக்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றியும் இங்குக் காண்போம்.

மக்களை வரைந்தவர்கள்

உலகின் முதல் பாதாள ரயில் 1863ஆம் ஆண்டு லண்டனில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில், 1940ஆம் ஆண்டு, ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு மழை பொழிந்தன. மக்கள் இரவில் பாதாள நிலையங்களில் தஞ்சம் புகுந்து, நடைமேடையிலேயே போர்வை போர்த்தி உறங்கினர். ஹென்றி மூர் என்னும் சிற்பி அவர்களை மெழுகு வண்ணக்கோலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தார். மன்னரையோ தளபதியையோ அவர் வரையவில்லை; அருகருகே படுத்துறங்கிய எளிய மக்களையே வரைந்தார். அதனாலேயே போரின் துயரத்தை அப்படங்கள் இன்றும் நமக்கு உணர்த்துகின்றன.

நியூயார்க்கில் வாக்கர் எவன்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர், 1938 முதல் 1941 வரை, கோட்டுக்குள் காமிராவை மறைத்துக்கொண்டு பாதாள ரயிலில் சென்றார். எதிரே அமர்ந்தவர்களை அவர்கள் அறியாமல் படமெடுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணும்போது முகத்தில் தோன்றும் களைப்பும் கவலையும் அப்படங்களில் பதிந்தன. கேட்காமல் ஒருவரைப் படமெடுப்பது முறையா என்ற கேள்வி நமக்கு எழுகிறது அல்லவா? 1966இல்தான் அப்படங்கள் நூலாக வெளிவந்தன.

சுவரை அழகாக்கியவர்கள்

பாதாளத்தில் வெயில் இல்லை. ஈரமும் புழுதியும் உண்டு. சுவரில் பூசிய வண்ணம் நாளடைவில் உதிரும். துணியில் தீட்டிய ஓவியம் பூசணம் பிடிக்கும். ஆனால் சூளையில் வெந்து, கண்ணாடி போன்ற மெருகு ஏறிய பீங்கான் ஓட்டில் நீர் ஊறாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், புதிது போலாகும். கோபால்ட் ஆக்ஸைடு தரும் நீல நிறம் மெருகுக்குள்ளேயே உருகிக் கலந்துவிடுவதால் மங்குவதில்லை. வெள்ளை ஓடு விளக்கொளியைத் திருப்பி அனுப்பி, இருண்ட இடத்தை வெளிச்சமாக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாரிஸ் பாதாள ரயிலில் வெள்ளை ஓடுகளைப் பதித்தது இதற்காகவே.

1904இல் திறந்த நியூயார்க் நிலையங்களில் ஊர்க் கதைகளையே பீங்கானில் செய்து வைத்தனர். கொலம்பஸ் சர்க்கிள் நிலையத்தில் பாய்மரக் கப்பலைக் காணலாம். ஆஸ்டர் பிளேஸ் நிலையத்தில் பீவர் என்னும் விலங்கைக் காணலாம். ஆஸ்டர் என்பவர் அதன் ரோமத்தோல் வாணிகத்தால் செல்வரானவர். எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு நிலையத்தை அறியலாம். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் 1959இல் பாதாள ரயில் ஓடத் தொடங்கியபோது, பல நிலையங்களின் ஓட்டுச் சித்திரங்களை அமைத்தவர் மரியா கெய்ல் என்னும் பெண்மணி.

நம் நாட்டின் முதல் பாதாள ரயில் 1984 அக்டோபர் 24 அன்று கல்கத்தாவில் ஓடியது. அங்குள்ள ரவீந்திர சதன் நிலையச் சுவர்களைத் தாகூரின் கையெழுத்தும் சித்திரங்களும் அழகு செய்கின்றன. சென்னையில் 2017 முதல் பூமிக்கு அடியிலும் மெட்ரோ ரயில் ஓடுகிறது.

நம் ஊர் என்ன செய்யலாம்?

கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் என நம் விருத்தாசலத்துச் சூளைகளில் பிறக்கும் பொருள்கள் பல. குஜராத்தின் மோர்பி நகரில் இயந்திரங்கள் ஓடுகளை மலைமலையாகச் செய்கின்றன. விலையில் அவற்றோடு நம் சிறு சூளைகள் போட்டியிட இயலாது. ஆனால் சித்திர ஓடு அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு படம் வேண்டும். அதற்குக் கைத்திறன் வேண்டும். பொம்மையின் கண்ணையும் புருவத்தையும் தூரிகையால் தீட்டும் நம் அக்காமார்களிடம் அத்திறன் இருக்கிறது. வேலை குறைந்தால் அக்கைகள் வேறு தொழில் தேடிப் போய்விடும். போனபின் அத்திறனை மீட்பது அரிது.

நம் சந்திப்பிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு வழியிலும் ரயில்கள் செல்கின்றன. பாதாள ரயில் நமக்கு இல்லாவிட்டாலும் நிலையச் சுவர் இருக்கிறது. மண்ணும் நெருப்பும் இருக்கின்றன. மணிமுத்தாற்றையும், பழமலைநாதர் கோயில் கோபுரத்தையும், சூளையருகே வியர்வை சிந்தும் தொழிலாளரையும் நம் ஊர் ஓடுகளில் தீட்டி அங்கே பதித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! தொழிலாளரின் முகத்தை அவர்களைக் கேட்டே வரைவோம். தீட்டியவரின் பெயரையும் ஓரத்தில் எழுதுவோம். சென்னையில் புதிய நிலையங்கள் எழும்போது நம் ஊர்ச் சித்திர ஓடுகளையும் கேட்டு வாங்குமாறு, தோழியரே, பெற்றோருடன் சேர்ந்து நாமே விண்ணப்பம் எழுதுவோம்.