சொகுசுக் காரும் பந்தயக் காரும்

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே காரை வளைத்துத் திருப்பும் விசை எது? டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வே.

சமதளச் சாலையில், வழுக்காமல் திரும்பக்கூடிய பெரும வேகத்தின் இருமடி = உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம் × வளைவின் ஆரம். ஆரம் 15 மீட்டர், கெழு 0.7 எனக் கொள்வோம். வேகம் மணிக்கு ஏறக்குறைய 37 கி.மீ. மழையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் 28 கி.மீ.தான்!

இச்சமன்பாட்டில் காரின் நிறையே இல்லை. பிறகு பந்தயக் காரை ஏன் இலேசாகச் செய்கிறார்கள்?

கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 காரின் 796 கன செ.மீ. இன்ஜினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். இருக்கை ஒன்றே, கூரை இல்லை. விசை அதே, நிறை குறைவு. எனவே நியூட்டனின் இரண்டாம் விதிப்படி முடுக்கம் அதிகம். பிரேக் போடும்போது அழிக்கவேண்டிய இயக்க ஆற்றலும் குறைவு. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் வளைவில் எடை முழுவதும் வெளிப்புறச் சக்கரங்களுக்குச் சாய்வதில்லை. விறைப்பான சுருள்வில் கார் சாய்ந்தாடுவதைத் தடுக்கிறது.

அப்படியானால் மலைப்பாதைக்கும் இதுவே சிறந்ததா? இல்லை. குண்டும் குழியுமான சாலையில் விறைப்பான சுருள்வில் சக்கரத்தைத் துள்ள வைக்கும். சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் உராய்வு பூஜ்யம்! மென்மையான சுருள்வில்லோ சக்கரத்தைச் சாலையோடு ஒட்டி வைக்கிறது. 1995இல் மறைந்த கரிவர்தனின் பெயர் தாங்கிய கோவைப் பந்தயத்தளத்தின் வழவழப்பான பாதையில் முன்னது வெல்லும். கல்லட்டியில் பின்னதே உயிர் காக்கும்.

ஆரம் 20 மீட்டரானால் மழையில் பெரும வேகம் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள்.