சடங்கு எண்ணெயும் பிள்ளைகளின் கால் நரம்பும்



பிள்ளை பெரியவளானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம்ம வழக்கம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 1977, 1978ஆம் ஆண்டுகளில் நம் தேயிலைத் தோட்டங்களில் அப்படி எண்ணெய் குடித்த 20க்கும் மேற்பட்ட இளம் பெண்களுக்குக் கை கால் பலமிழந்து போனது. முதலில் கெண்டைக்காலில் வலி. பிறகு பாதம் தொங்கிப்போய், நடக்கும்போது தரையில் இழுபட்டது. சிலருக்குக் கைவிரல்களிலும் பிடிமானம் இல்லை.

டாக்டர் நிமால் சேனாநாயக்கவும் டாக்டர் ஜெயரட்ணமும் இதை ஆராய்ந்தார்கள். வீட்டில் ஆண்பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சமைந்த பிள்ளைக்கு மட்டும் ஏன்? விடை எண்ணெயில் இருந்தது. அதில் டிரை-கிரெசில் பாஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் அது சேர்ந்திருக்கலாம் என்று கருதினார்கள். 1981இல் இதை லான்செட் என்ற வைத்திய இதழில் எழுதினார்கள். மொரோக்கோ நாட்டில் 1959இல் சமையல் எண்ணெயில் இயந்திர எண்ணெய் கலந்து சுமார் 10,000 பேர் இதே மாதிரி முடமானார்கள்.

இந்த நஞ்சு நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கும். அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. நரம்பில் சிறிய மின்சாரம் செலுத்திப் பார்த்து டாக்டர்மார் இதைக் கண்டுபிடிப்பார்கள். நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. தேகப்பயிற்சியும், பாதம் தொங்காமல் கட்டும் பட்டையும்தான் வைத்தியம். கை கால் நரம்பு மாதக்கணக்கில் மெல்லத் தேறும். முள்ளந்தண்டு நரம்பு கெட்டிருந்தால் கால் விறைப்பு நின்றுவிடும்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், சீனக்குடாப் பக்கம் வேலை செய்கிற நம்ம ஆட்கள் மலிவாகக் கிடைக்குதென்று பழைய எண்ணெய் பீப்பாய், கேன்களை வீட்டுக்கு அனுப்பினால், அதில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள். சோடா போட்டுக் கழுவினாலும் சரிவராது. சடங்குக்கு முத்திரை உடையாத போத்தல் வாங்குங்கள். பத்து ரூபாய் கூடப் போனால் போகட்டும்.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் சோர்ந்தால், கண்ணூறு என்று மந்திரித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போலியோவா என்று பார்க்க மலத்தை இரண்டு முறை எடுப்பார்கள். அதற்கு 14 நாள்தான் தவணை. பிள்ளை என்ன சாப்பிட்டது, என்ன குடித்தது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மிச்ச எண்ணெய் இருந்தால் கொட்டாமல் போத்தலோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.